ஓடைக்கு இந்தப் பக்கம்

தேர்தல் வேலைக்கு இந்த முறை புதிதாக வருகிற தம்பி தங்கைமாருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் எண்ணெய் துடைத்தேன். பிறகு கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டேன். தேர்தல் வந்தால் தேர்தல் வேலை. எனக்கு எழுதத் தெரிந்தது பெயரும் விலாசமும்தான். ஆகவே ஒரு பெயரைப் பற்றியும் ஒரு விலாசத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

படிவம் நிரப்புவது, பெட்டிக்கு முத்திரை வைப்பது எல்லாம் உங்களுக்கு அங்கே சொல்லித் தருவார்கள். நான் சொல்வது என்னுடைய பிழை. எழுபதுகளின் கடைசியில் செய்தது.

அப்போது வாக்காளர் இடாப்பு, அதுதான் பெயர்ப் பட்டியல், கணினியிலிருந்து வராது. தேர்தல் அறிவித்ததும் கதவு கதவாகத் தட்டிப் பெயர் எடுக்க வேண்டும். தனியாகப் போக முடியாது. இரண்டு பேர் போக வேண்டும். ஒருவரை ஒரு கட்சி அனுப்பும், மற்றவரை அதற்கு எதிர்க்கட்சி அனுப்பும். சேர்ந்து படியேற வேண்டும். சேர்ந்து கேட்க வேண்டும். பெயர் எடுத்ததும் ஒரு துண்டில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து வாக்காளரின் கையில் கொடுக்க வேண்டும். அதன் காபன் பிரதி புத்தகத்தில் நிற்கும்.

ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேரை ஒன்றாக நடக்க விட்டால் இடாப்பு நேராக வரும். இதை முதலில் யோசித்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் மலைப்புத்தான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. நகரத்தில் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை. திருத்துவதற்கு என்று சில நாட்கள் விடுவார்கள். அது கழிந்தால் கழிந்ததுதான். இப்போது மாதிரி அன்றைக்கே வந்து அட்டையைக் காட்டிப் பதிய முடியாது.

என்னோடு நடந்தவ ஒரு ஸ்கொட்லாந்து மனுசி. அறுபது வயது தாண்டியிருக்கும். பெயரை எழுதினால் அவ விரும்பமாட்டா, விடுகிறேன். முழங்கால் வருத்தம் இருந்தது. படியில் நின்று நின்றுதான் ஏறுவா. எனக்கு எதிர்க்கட்சி. அவ பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு அது எங்கட பேச்சிலேதான் நினைவில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்த பகுதியின் வடக்கு எல்லை ஒரு ஓடை. அது எங்கள் பகுதிக்கு மட்டும் எல்லை அல்ல, தொகுதிக்கே எல்லை. ஓடைக்குத் தெற்கே ஒரு எம்.பி., வடக்கே வேறு எம்.பி. “ஓடையின் நடுவழியே” என்று கடுதாசியில் இருந்தது. நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். வீடுகள் இருந்தன. புல் இருந்தது. ஒரு நாய் இருந்தது. ஓடையைக் காணவில்லை.

நாய்க்காரரிடம் கேட்டோம். அவர் காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். வீடு கட்ட வந்தவர்கள் ஓடையைக் குழாயில் விட்டு மூடிவிட்டார்களாம். தண்ணீர் இப்போதும் கீழே ஓடுகிறதாம். அதன் மேல் வீடுகள் நிற்கின்றனவாம்.

மனுசி கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

“எங்கட ஊரிலயும் தொகுதிக்கு எல்லை ஓடைதான்” என்றா. “என்ர அப்பா அங்க தேர்தல் எழுத்தரா இருந்தவர். அவர் சொல்லுவார், வேலியை ஒருத்தன் பிடுங்கி நடுவான், ஓடையை என்ன செய்வான் எண்டு.”

“இஞ்ச செய்துபோட்டாங்கள்” என்றேன்.

“ஓம். அப்பா கனடாவுக்கு வரேல்லைத்தானே.”

அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். காலுக்குக் கீழே ஒரு ஆறு. அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அந்தக் கோடு ஒருவருடைய சமையலறைக்குள்ளால் போகிறது. அங்கே தேத்தண்ணி ஊற்றுகிறவருக்கு அது தெரியாது. நான் கடலில் பூமத்திய ரேகையைத் தாண்டியவன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இங்கே தோன்றியது.

அந்தத் தெருவில் எங்களுக்குக் கடைசி வீடு ஒரு போர்த்துக்கேயக் குடும்பத்தின் வீடு. அவர்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை, ஆகவே பெயர் எடுக்கவில்லை. பேஸ்மென்ற்றில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். பக்கத்துப் படியால் இறங்கினோம். ஜன்னலில் என்னை அனுப்பிய கட்சியின் அட்டை தொங்கியது. கதவைத் திறந்தவர் தமிழர்.

அப்போது ரொறன்ரோவில் தமிழர் குறைவு. தெருவில் கண்டால் மறித்துக் கதைப்போம். எனக்குச் சந்தோஷம்.

“அண்ணை எந்த இடம்?”

“மலைநாடுங்க. தோட்டம்.”

பெயர் முத்தையா. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் வீட்டில் சமையற்காரராக இருந்தவர். துரை இங்கிலாந்து போனபோது கூடப் போனார். துரையின் மகள் இங்கே வந்தபோது கூட வந்தார். அதற்கு முந்தின வருடம்தான் பிரஜையாகிச் சத்தியம் செய்திருந்தார். அந்தப் பத்திரத்தைக் கேட்காமலே எடுத்து வந்து காட்டினார்.

“நீங்க எனக்கு வோட்டு எழுத வந்தீங்களா?”

“ஓம் அண்ணை. இதுதான் முதல் தரமோ?”

“முதல் தடவங்க. எங்கப்பா ஒருக்கா போட்டாரு. அடுத்த தடவ போனா பேரு இல்ல. எங்க ஆளுக யாருக்குமே இல்ல. வெட்டிட்டாங்க.”

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அதோடு வாக்கும் போனது. நான் யாழ்ப்பாணத்தான். எங்களுக்கு வாக்கு இருந்தது. அதை நாங்கள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. மழை பெய்தால் போகமாட்டோம்.

யாருக்குப் போடுவேன் என்று முத்தையா இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். மனுசி கையைக் காட்டி நிறுத்தினா.

“அதைச் சொல்லக்கூடாது. அது உங்கட.”

“எனக்கு மட்டுமாங்க?”

“உங்களுக்கு மட்டும்.”

அவர் கொஞ்ச நேரம் அவவைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி போட்டார். ஆஸ்பத்திரித் தேத்தண்ணி இல்லை, நல்ல தேத்தண்ணி. கதிரை ஒன்றுதான் இருந்தது. அதை மனுசிக்குக் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துத் துண்டைக் கொடுத்தோம். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

என் பிழை இதற்குப் பிறகுதான்.

எல்லாக் கதவும் முடிந்தது. இடாப்பைச் சுத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இருந்துதான் எழுத வேண்டும். மனுசிக்கு அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. என் வீடு மூன்றாம் மாடி, லிப்ற் பழுது. நானே எழுதிக்கொண்டு வருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கள் என்றேன். உதவி செய்வதாக நினைத்தேன்.

என் சமையலறை மேசையில் எங்கள் பகுதியின் வரைபடத்தை விரித்தேன். ஓடை தெருவைக் குறுக்கறுக்கும் இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தேன். முத்தையாவின் வீடு கோட்டுக்கு வடக்கே நிற்பது போல இருந்தது. அப்படியானால் அவர் மற்றத் தொகுதி. மற்றத் தொகுதிக்காரர் அவருடைய பெயரை எடுத்திருப்பார்கள். எங்கள் இடாப்பிலும் இருந்தால் ஒரு ஆளுக்கு இரண்டு பெயர். அது பெரிய குற்றம். அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். பெயர் போய்விட்டது.

மனுசியைக் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புத்தான். நடுச்சாமம் ஆகியிருந்தது, ஒரு பெயருக்காக அவவை ஏன் எழுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவ என்னை நம்பிக் கடைசித் தாளில் கையெழுத்து வைத்தா.

தேர்தல் நாளில் எனக்கு மேசை வேலை இல்லை. வான் வண்டியில் தேர்தல் பொருட்கள் கொண்டு போகிற வேலை. பென்சில், கடுதாசி, மேலதிகப் பெட்டி. வாக்குச்சாவடி பூட்ட ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உடற்பயிற்சி மண்டபத்தில் மேசைகள். ஒரு மேசைக்கு முன்னால் முத்தையா நின்றார். கோட் போட்டு ரை கட்டியிருந்தார். கையில் எங்கள் துண்டு. அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

மேசையில் இருந்த அலுவலர் நல்ல மனிதர்தான். இரண்டாம் முறையாக இடாப்பில் விரலை ஓட்டினார். இல்லை என்று தலையாட்டினார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

முத்தையா என்னைக் கண்டார்.

“தம்பி, இவரு இல்லேங்கிறாரு. அந்தப் பக்கம் சர்ச்சுக்கும் போயிட்டு வந்தேன். அங்கயும் இல்லங்கிறாங்க. நீங்க எழுதினீங்கல்ல?”

எனக்கு விளங்கியது. மற்றத் தொகுதிக்காரர் நாங்கள் அந்தப் படியால் இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். நாங்கள் எடுத்துவிட்டோம் என்று விட்டிருக்கிறார்கள். நான் அவர்கள் எடுத்தார்கள் என்று வெட்டினேன். இரண்டு தொகுதிக்கும் நடுவில் ஒரு ஆள் விழுந்துவிட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. எழுத்துப் பிழை என்று போய்விடும். அப்படிப் பல பெயர் போயிருக்கும். சொன்னால் எனக்கு இந்த வேலை இனி இல்லை. கூட்டித் துடைக்கிற வேலையில் என்னை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. தேர்தல் வேலையில் கூப்பிட்டார்கள். அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

“அண்ணை, வானில ஏறுங்கோ” என்றேன்.

போகிற வழியில் ஒரு கடைத் தொலைபேசியில் மனுசிக்குச் சொன்னேன். நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன்.  “வாசலில நிக்கிறன்” என்றா. போனபோது நின்றா. ஒரு கையில் தடி, மற்றக் கையில் கைப்பை.

வானில் முன்னால் மூன்று பேரும் நெருங்கி இருந்தோம். முத்தையாவிடம் சொன்னேன்.

“அண்ணை, உங்கட பேரை வெட்டினது நான்.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிக்னல் கடந்தது.

“அங்கயும் ஒருத்தன் வெட்டினான் தம்பி” என்றார். “அவன் வந்து சொல்லல.”

 

“என்ன சொல்லுறார்?” என்று மனுசி கேட்டா. சொன்னேன். அவ தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றினா.

“இவர் எங்களுக்குப் போடமாட்டார். அட்டையைப் பார்த்தனான்” என்றா.

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் வாறன். கொஞ்சம் விரைவா ஓட்டும்.”

தெரிவத்தாட்சி அலுவலரின் அலுவலகம் ஒரு பிளாசாவில், பூட்டிக் கிடந்த தளபாடக் கடை ஒன்றில் இருந்தது. தொகுதி முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. உயரமான மனிதர், நாங்கள் பெரியவர் என்போம். சிரிக்கமாட்டார். அன்றைக்கு எல்லாத் தொலைபேசியும் அவருக்குத்தான் அடித்தது. மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். சேர்ந்து எடுத்தோம், தனியே வெட்டினேன் என்றேன்.

அவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். என் பெயரை ஒரு கடுதாசியில் எழுதினார். அதற்கு அடியில் ஒரு கோடு போட்டார்.

“உம்மைப் பற்றிப் பிறகு” என்றார்.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒருவரின் பெயரை இரண்டு பேரும் எடுத்துத் துண்டு கொடுத்திருந்து, அது தவறுதலாக இடாப்பில் விடுபட்டால், அவர் நேரில் வந்து துண்டைக் காட்டலாம். புத்தகத்தில் காபன் பிரதி இருந்தால் ஒரு அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் வாக்களிக்கலாம். துண்டு இருந்தது. புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். காபன் மங்கல். ஆனால் இரண்டு கையெழுத்தும் இருந்தது.

“இது சரி” என்றார் பெரியவர். “ஆனால் வீடு என்னுடைய தொகுதியில் இல்லாவிட்டால் நான் பத்திரம் தர முடியாது. தந்தால் அது என் பிழை.”

பெரிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அதன் மேல் பழைய நில அளவைப் படம் ஒன்றை வைத்தார். அதில் வீடுகள் இல்லை. வயலும் ஓடையும்தான். இரண்டையும் விளக்குக்கு முன்னால் சேர்த்துப் பிடித்தார். ஓடை முத்தையாவின் வீட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. வீட்டில் பாதி இந்தத் தொகுதி, பாதி மற்றத் தொகுதி.

 சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் இருந்தது.

“சட்டம் வீட்டைக் கேட்கவில்லை” என்று மனுசி மெல்லச் சொன்னா. “ஆள் எங்க படுத்து எழும்புறார் எண்டுதான் கேட்குது.”

பெரியவர் முத்தையாவைப் பார்த்தார். “எங்கே படுக்கிறீர்?”

முத்தையாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். துரை வீட்டு இங்கிலீஷ். அந்த நேரம் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

“அவர் சொன்னதை மட்டும் சொல்லும்” என்றார் பெரியவர் என்னிடம். “நீர் ஒன்றும் சேர்க்காதேயும்.”

“அண்ணை, கட்டில் எங்க கிடக்கு எண்டு கேக்கிறார். உங்களுக்குக் கீழ ஒரு ஓடை ஓடுது. அதுக்கு எந்தப் பக்கம்?”

“ஓடைங்களா?” என்றார் முத்தையா. அவர் முகம் மாறியது. “அதுதானா அந்தச் சத்தம். பனி கரையிற காலத்துல ராவெல்லாம் தண்ணி ஓடுமுங்க. பைப்பு ஒழுகுதுன்னு வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன். கால்மாட்டுல கேக்கும்.”

சொன்னதை அப்படியே சொன்னேன். பெரியவர் பென்சிலை எடுத்தார்.

“கால் எந்தத் திசையில்?”

கேட்டேன். முத்தையா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு தமிழன் இதைக் கேட்பானா என்ற பார்வை.

“வடக்கதாங்க. தெக்கதான் தலை வப்பேன். வடக்க யாருங்க தலை வப்பாங்க?”

“என்ன சொல்கிறார்?”

“வடக்கே தலை வைக்கமாட்டாராம். எங்கட ஆட்கள் ஒருவரும் வைக்கமாட்டினம்” என்றேன். பிறகு, “கடைசியாகச் சொன்னது நான்” என்றும் சொன்னேன்.

மனுசி கையை உயர்த்தினா. “நான் பார்த்தனான். நாங்கள் தேத்தண்ணி குடிக்கேக்க தலையணை தெற்குச் சுவரோட கிடந்தது. எனக்குக் கதிரை தந்துபோட்டு அவர் கட்டிலில இருந்தவர். நான் சத்தியம் செய்வன்.”

அவ எதிர்க்கட்சி. அவ சத்தியம் செய்தால் மற்றக் கட்சிக்கு ஒரு வாக்குக் கூடும். பெரியவருக்கும் அது தெரியும்.  அவர் படத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். ஓடைக்கு இந்தப் பக்கம். ஒரு கட்டில் அளவுகூட இல்லை. ஒரு கடுகு அளவு.

நான் எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன். நாடாளுமன்றம் வரைந்த எல்லையை ஒரு மனிதனின் கால் தொட்டுக்கொண்டு நின்றதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன். மயிர் கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

பத்திரம் அடித்தார்கள். பெரியவர் கையெழுத்து வைத்தார். துண்டைத் தன் கோப்பில் வைத்துக்கொள்ள எடுத்தார். முத்தையா கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். மனுசி அதைக் கண்டா. 

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது பத்து நிமிடம் இருந்தது. மண்டபம் வெறுமை. அலுவலர் பத்திரத்தை வாசித்தார். எழுந்து நின்று பெயரைச் சத்தமாகச் சொன்னார். எழுத்தர் அதை எழுதினார். இரண்டு கட்சியின் முகவர்களும் தங்கள் தாளில் எழுதினார்கள். முத்தையா என்ற பெயரை ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுதினார்கள். பென்சில் சத்தம் எனக்குக் கேட்டது.

முத்தையா சீட்டோடு மறைப்புக்குப் பின்னால் போனார். நெடுநேரம் நின்றார். பெயருக்கு நேரே ஒரு புள்ளடி போட அவ்வளவு நேரம் எடுக்காது. அலுவலர் மணியைப் பார்த்தார், ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி.

மடித்த சீட்டோடு வந்தார். அலுவலர் அடித்துண்டைக் கிழித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். முத்தையா அதைப் பெட்டிக்குள் போட்டார். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

“முடிஞ்சிருச்சுங்களா?”

“முடிஞ்சுது அண்ணை.”

“இவ்வளவுதானுங்களா?”

“ஓம். இவ்வளவுதான்.”

அவர் பெட்டியைப் பார்த்தார். அது வெறும் தகரப் பெட்டி. நான் காலையில் வானிலிருந்து இரண்டு இரண்டாகத் தூக்கிப் போட்ட பெட்டி. அதற்குப் பிறகு ஒரு பெட்டியையும் நான் அப்படித் தூக்கவில்லை.

அவர் ஜன்னலில் அட்டை தொங்கிய கட்சியின் ஆள் தோற்றார். பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அதைச் சொல்லப் போனேன். முத்தையா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். “அதுக்கென்னங்க, என்னோடதையும் எண்ணினாங்கல்ல” என்றார்.

அடுத்த தேர்தல் விரைவிலேயே வந்தது. பெயர் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. பெட்டி தூக்கக் கூப்பிட்டார்கள். போனேன். அதற்கடுத்த முறை பெரியவரே தொலைபேசி எடுத்தார். அந்த மனுசி வேறு யாரோடும் நடக்கமாட்டேன் என்கிறா, வாரும் என்றார். மூன்றாம் மாடிக்குத் தடியோடு ஏறி வந்தா. லிப்ற் அன்றைக்கும் பழுது. என் சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சேர்ந்து எழுதினோம். நடுச்சாமம் இல்லை, பகல்தான். ஆனால் முழுப் பகலும் போனது.

எல்லையை அதற்குப் பிறகு பல தரம் மாற்றிவிட்டார்கள். இப்போது அது பெரிய ரோட்டால் போகிறது. ஓடையைப் படத்தில் யாரும் போடுவதில்லை. பனி கரைகிற காலத்தில் அந்தத் தெருவால் போனால் நான் காரை நிறுத்துவேன். ரோட்டு நடுவில் ஒரு இரும்பு மூடி இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் கேட்கும்.

உங்களுக்கு இப்போது கணினி பெயர் தரும். ஒரு விசையைத் தட்டினால் பெயர் போய்விடும். அடிமட்டம்கூடத் தேவையில்லை. போகும்போது சத்தமும் வராது. ஆகவே ஒன்றுதான் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் மற்ற ஆளைக் கூப்பிடுங்கள். முழங்கால் நொந்தாலும் வருவார்கள்.